வரேன்னு சொன்னீங்களே

லிப்டுக்குள் மணி படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் மணி எங்கே அடிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. அழுத்துகிற நிலைமை வந்தவர்கள்கூட வெளியே வந்ததும் மறந்துவிடுவார்கள். லிப்ட் கம்பெனியின் கீழ்த்தளத்தில், உதிரி பாகங்கள் அடுக்கிய ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் அது அடிக்கும். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் வரிசையாகச் சிவப்பு பல்புகள் பதித்த ஒரு பலகை. ஒவ்வொரு பல்பும் ஊரிலுள்ள ஒரு லிப்ட். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை மெக்கானிக்குகள் 'கன்ட்ரோல்' என்று கூப்பிட்டார்கள். கன்ட்ரோல் ரூம் என்பதன் சுருக்கம். மற்றபடி அவன் கட்டுப்பாட்டில் எதுவும் இருந்ததில்லை.

வேலை சுலபம். பல்பு எரிந்தால் ரிசீவரை எடுத்து, "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டால் நம்பும்படியாக இருக்கும் என்று மேனேஜரே பேசிக் காட்டிப் பழக்கியிருந்தார். மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சிலர் உள்ளே இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் விட்ட சண்டையை லிப்டில் தொடர்ந்து, அவனை நியாயம் சொல்லச் சொன்னார்கள். மனைவி பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னான். கணவர் வெளியே வந்த கையோடு கம்பெனியில் புகார் கொடுத்தார்.

இன்னொரு விதி, நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. பாத்ரூம் போவதென்றால்கூட ஸ்டோர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வான்.

இந்த வேலைக்காக ஊரை விட்டு வந்தவன். தங்கியிருந்த அறையில் இன்னொருவனும் உண்டு. அவனுக்கு இரவு வேலை. இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே துண்டு, வேறு வேறு வேளைகள். கொடியில் கிடக்கும் துண்டு ஈரமாக இருந்தால் மற்றவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் பழக்கம் வளரவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஊரிலிருந்து அவன் கூடப்பிறந்த அக்கா போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ, ம், அப்புறம், அப்புறம் ஒண்ணுமில்ல, நீ சொல்லு. அந்த 'அப்புறம்' யாருக்கும் வேண்டாத பந்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுவிட்டு நிற்கும். ஒரு தடவை அவள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னபோது, "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றான். அக்கா சிரித்தாள். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

லிப்டில் மாட்டிக்கொள்ளாத ஒரு மனிதரிடம் அவன் நிதானமாகப் பேசி நாளாகியிருந்தது.

ஏழாம் மாடிக்காரர் முதல் முறை மாட்டிக்கொண்டது நிஜமாகவே தற்செயல். கட்டடமும் பழசு, லிப்டும் பழசு. மெக்கானிக் எங்கோ நெரிசலில் நின்றுவிட்டதால் பேச்சு நீண்டது. அவர் தனியாக இருப்பவர். ரிட்டையர் ஆகும்வரை கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலியாக வேலை பார்த்தவர். தன் குரல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடைவரை போகும் என்றார். காலையில் ஒரு தடவை கூப்பிடுவாராம், மதியம் ஒரு தடவை, கோர்ட் கலைவதற்கு முன்னால் ஒரு தடவை. மூன்றாவது தடவைக்கும் ஆள் வரவில்லையென்றால் உள்ளே போய்ச் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் ஆவது உள்ளே இருப்பவர்கள் கையில்.

"எவ்வளவு பெரிய ரவுடியா இருந்தாலும் நான் கூப்பிட்டா வந்துதான் தம்பி ஆகணும்" என்றார். "இப்ப பால்காரனே வர மாட்டேங்கறான்."

கன்ட்ரோல் சிரித்தான். தன் சிரிப்பு அந்த அறையில் கேட்பது அவனுக்கே புதிதாக இருந்தது. அந்தப் பக்கம் கதவைத் தட்டும் சத்தமும் மெக்கானிக்கின் குரலும் கேட்டன. இந்த இடத்தில் அவன் சொல்ல வேண்டியது, "சரி சார், வைக்கிறேன்." அதற்குப் பதிலாக, "சரி சார், அப்ப வரேன்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டான்.

யார் வீட்டிலாவது நெடுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தால் தானாக வாயில் வருகிற சொல். போவதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். சொல்கிறவனும் அதை நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை. அதனால்தான் யாருக்கும் யார்மேலும் வருத்தம் வராமல் காலம் ஓடுகிறது.

சாயங்காலம் உதிரி பாகம் வாங்க வந்த மெக்கானிக் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"டேய் கன்ட்ரோல், அந்த ஆளுகிட்ட என்னடா சொன்ன? கதவைத் திறந்துட்டேன், வெளிய வர மாட்டேங்கறாரு. தம்பி வரேன்னு சொல்லியிருக்காரு, வந்துடட்டும்ங்கறாரு."

"சும்மா சொன்னேண்ணே. வாய் தவறி."

"நல்லா தவறுச்சு போ. கையைப் பிடிச்சு இழுத்து வெளிய விட்டுட்டு வந்திருக்கேன். நாளைக்கு எனக்கு இடுப்பு கிடுப்பு பிடிச்சிருந்தா நீதான் பதில் சொல்லணும்."

அதற்கப்புறம் அந்த பல்பு அடிக்கடி எரிய ஆரம்பித்தது. எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். எடுத்ததும், "கிளம்பிட்டீங்களா தம்பி?" என்பார். வெயிலாக இருந்தால் நிழலாகப் பார்த்து வரச் சொல்வார். இன்றைக்கு வேலை அதிகம் என்று இவன் சொன்னால், பரவாயில்லை, மெதுவாக வாங்க என்பார். வரவே முடியாது என்று சொல்ல கன்ட்ரோலுக்கு வாய் வரவில்லை. தவிர, அது உண்மை மாதிரியும் இல்லை. அந்த பல்பு எரியாத நாட்களில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற லிப்டுகளில் மாட்டியவர்கள் சீக்கிரம் வெளியே விடச் சொல்லிக் கத்தும்போது அவனுக்குக் கோபம் வந்தது. வெளியே போய் அப்படி என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது.

லிப்ட் எப்படி இவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்பதை மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது கதவுகளுக்கு நடுவில் விரலை விட்டு நெம்பினால் அந்தப் பழைய மாடல் பயந்து நின்றுவிடும். பிறகு யாராவது மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போய் ரீசெட் பண்ணினால்தான் நகரும். அதை உள்ளே இருந்து செய்ய முடியாது.

"தெரிஞ்சே பண்றாருடா" என்றார் மெக்கானிக். "முந்தி ஸ்டூல் ஒண்ணு போட்டிருந்தாரு. அப்புறம் தண்ணி கேன். இன்னைக்குப் பாத்தா சின்ன ஃபேன் ஒண்ணு மாட்டி வெச்சிருக்காரு, பேட்டரில ஓடறது. காலண்டர் ஒண்ணுதான் பாக்கி. மனுஷன் குடியேறிட்டாரு."

மற்ற குடித்தனக்காரர்கள் கேட்கவில்லையா என்று கன்ட்ரோல் விசாரித்தான். கேட்க ஆள் இருந்தால்தானே என்றார் மெக்கானிக். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு வீடாகக் காலியாகிறது. கன்ட்ரோலுக்கும் அது காதில் விழுந்திருந்தது. முன்பெல்லாம் ஏழாம் மாடிக்காரர் பேசும்போது பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை, யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் சேர்ந்து கேட்கும். இப்போது அவர் மூச்சு வாங்குவது தனியாகக் கேட்டது. எல்லாரும் எங்கே சார் என்று ஒரு நாள் கேட்டதற்கு, வெளியே போயிருக்கிறார்கள், வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள் என்றார். எதிர் வீட்டு அம்மா தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போயிருக்கிறாராம். இவரும் ஊற்றிக்கொண்டிருக்கிறாராம்.

அன்றைக்குப் பேசி முடிக்கும் நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார். ரிசீவர் அதிர்ந்தது.

"கன்ட்ரோல்... ஆஜர்..."

காதிலிருந்து ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. "முதல் தடவை" என்று மட்டும் சொன்னார். சில நாள் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போது அவனும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் இறங்கி வந்து, அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது என்றார். திங்கள் காலை உரிமையாளரே ஆள் வைத்து மெயின் கரண்டைத் துண்டித்துவிடுவார். இனிமேல் அங்கே மணி அடித்தால் நாம் பொறுப்பில்லை, எடுக்கவே கூடாது. அவர் கண் முன்னாலேயே கன்ட்ரோல் அந்த பல்புக்குரிய மணியை அணைத்து, பல்பின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். டேப் கோணலாக இருக்கிறது என்று மேனேஜர் சொன்னார். எடுத்து நேராக ஒட்டினான். சாயங்காலம் அவனை மாற்ற வருகிறவனிடமும் மேனேஜர் அதையே சொன்னார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டே நாற்காலியில் உட்காருகிற அவன், தலையை ஆட்டினான். தாளத்துக்கா, மேனேஜருக்கா என்று தெரியவில்லை.

மெக்கானிக்கும் அன்றைக்குக் கடைசியாக அங்கே போய்விட்டு வந்திருந்தார்.

"பாவமாத்தான்டா இருக்கு. சாமானெல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணும் கட்டி வைக்கல. தங்கச்சி பையன் வந்து கூட்டிட்டுப் போவானாம். நானும் கையெடுத்துக் கும்பிட்டு, வரேன் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னண்ணே, அவர்கிட்ட போய் வரேன்னா சொன்னீங்க?"

"வேற என்னடா சொல்லுவாங்க? மனுஷன் சந்தோஷமா தலையை ஆட்டினாரு."

ஞாயிறு மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல் பலகையையே பார்த்தான். வேறு எவனாக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டான். கறுப்பு டேப்பின் ஓரத்தில் சிவப்பு மெலிதாகக் கசிந்தது. சத்தம் எதுவும் இல்லை. அவன் கை போய் ரிசீவரை எடுத்துவிட்டது.

"தம்பி, இது மூணாவது தடவை" என்றது குரல். கூப்பிடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது.

"சார், மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. கீழதான் இருக்கேன். கதவு திறந்துதான் இருக்கு."

"அப்ப ஏன் சார் பட்டனை அழுத்தினீங்க?"

"வேற எதை அழுத்தறது?"

 தான் வரவில்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கன்ட்ரோல் கேட்டான். தன் வேலை அதோடு முடிந்தது, அதற்கப்புறம் உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

"உள்ள யாரு சார் இருக்காங்க?"



"யாருமில்ல" என்றார். இணைப்பு போய்விட்டது.

கன்ட்ரோல் மெக்கானிக்குக்குப் போன் செய்தான். அணைத்து வைத்திருந்தார். இன்னொரு மெக்கானிக், ஒப்பந்தம் முடிந்த கட்டடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை யாராவது போவார்களா என்று இவனிடமே கேட்டார். மேனேஜர் ஏதோ சினிமாக் கொட்டகையில் இருந்தார். ரிசீவரை ஏன் எடுத்தாய் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனிதர் தனக்கு ஏதாவது செய்துகொண்டால் என்று இவன் ஆரம்பித்தபோது, அது லிப்ட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையே என்றார்.

மேனேஜர் சொன்னது சரி. அது லிப்ட் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கன்ட்ரோல் சார்ஜ் தீர்ந்துபோன போனைச் சார்ஜரில் செருகி மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான். போய், நாலு வார்த்தை பேசி, தங்கை பையனின் நம்பரை வாங்கி, வரச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். கொஞ்ச நேரம்தான். நாற்காலிக்குத் தெரியவா போகிறது.

கட்டடத்தில் ஜன்னல்களைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் வாட்ச்மேனின் குடை மட்டும் கம்பியில் தொங்கியது. தபால் பெட்டிகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. வெளியே நல்ல வெயில். உள்ளே லிப்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

குரலை வைத்து அவன் மனதில் கட்டியிருந்த ஆள் உயரமானவர், தோள் அகலமானவர். லிப்டுக்குள் நின்றவர் அவன் தோளுக்குத்தான் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். பக்கத்தில் ஒரு தண்ணீர் கேன், சின்ன ஃபேன், மூடி வைத்த இரண்டு தட்டுகள். ஸ்டூல் ஒன்று என்று மெக்கானிக் சொன்னதாக ஞாபகம். இரண்டு இருந்தன. இரண்டாவதில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. இதை மெக்கானிக் அண்ணனிடம் எப்படிச் சொல்லிச் சிரிப்பது என்று கன்ட்ரோல் யோசித்துக்கொண்டான்.

"வந்துட்டீங்க" என்றார்.

"ரொம்ப நேரம் இருக்க முடியாது சார். அங்க நாற்காலி காலியா இருக்கு."

"இங்க நிறைஞ்சிருக்கே" என்று சொல்லி, புது ஸ்டூலைத் துண்டால் துடைத்தார்.

மேலே வந்து வீட்டைப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி சொன்னார். தங்கை பையனின் நம்பர் மேலேதான் இருக்கிறதாம். அவனும் வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறானாம். கன்ட்ரோல் உள்ளே ஏறினான். கதவு மூடியது. ஏழாம் எண்ணை அழுத்திவிட்டு அவர் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை மாதம் லிப்ட் கம்பெனியில் வேலை பார்த்தும், லிப்டில் ஏறியே வெகு நாளாகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வேலை செய்த அறை இருந்தது கீழ்த்தளத்தில்.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் அவர் எழுந்தார். அடுப்பை அணைக்க எழுந்து போகிற மாதிரிப் பதற்றமில்லாமல் எழுந்து, கதவுகளுக்கு நடுவில் இரண்டு கை விரல்களையும் விட்டு நெம்பினார். லிப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. இடுக்கில் செங்கல் சுவர் தெரிந்தது. விரல்களை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏன் சார்?"

"மேல போனா எனக்குப் பேச வராது தம்பி. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். சுவரு கேக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா திருப்பி எதுவும் கேக்காது. எனக்கு இங்கதான் பேச்சு வருது."

கன்ட்ரோல் மஞ்சள் பொத்தானை அழுத்தினான். பொத்தானுக்கு மேலே இருந்த சல்லடை ஓட்டைகள் வழியாக டிரிங் டிரிங் என்று கேட்டது. அந்த ஒலியை இந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். அங்கே சத்தமே இருக்காது. டேப் நேராக ஒட்டியிருக்கும்.

சாயங்காலம் மாற்று ஆள் பாட்டோடு வருவான். காலி நாற்காலியைப் பார்த்து, இவன் சீக்கிரம் ஓடிவிட்டான் என்று திட்டிவிட்டு உட்காருவான். மேஜையில் போன் அடிக்கும். அக்கா. எடுக்கவில்லையென்றால் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வாள். 'அப்புறம்' சொல்ல வேண்டிய சிரமம் அவளுக்கு ஒரு வாரம் மிச்சம். அறையில் மற்றவன் துண்டைத் தொட்டுப் பார்ப்பான், அதுவும் தொட்டால்தான். காய்ந்திருக்கும். காய்ந்த துண்டு கிடைத்தது நல்லதென்று குளிக்கப் போவான்.

இதையெல்லாம் யோசித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவனைத் தேடக்கூடியவர்களின் வரிசை அவ்வளவு சின்னது.

"சார், நாளைக்குக் காலைல கரண்டைக் கட் பண்ணிடுவாங்க" என்றான். அவன் குரல் அவனிடம் புகார் கொடுப்பவர்களின் குரலாக இருந்தது.

"தெரியும் தம்பி. அதுக்குள்ள மெக்கானிக் தம்பி வந்துடுவாரு. வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை என்று சொல்ல கன்ட்ரோல் வாயைத் திறந்தான். சொன்னால் பால்காரன், எதிர் வீட்டு அம்மா, தங்கை பையன் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இந்த இடத்தில், கதவு திறக்காத நிலையில் அதைச் சொல்வது நல்லதா என்றும் தெரியவில்லை. அவர் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. கறுப்பு மசகும் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அடித்தது. கத்திப் பார்த்தான். சத்தம் மேலே போய், ஜன்னல் இல்லாத வீடுகளில் புகுந்து, வெளியே போய்விட்டது.

அவர் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு தட்டின் மூடியை எடுத்து அவன் மடியில் வைத்தார். பிறகு அவன் முழங்கையை லேசாகத் தொட்டு, மேனேஜர் சொல்லிக் கொடுத்த அதே இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டுச் சொன்னார்.

"பயப்படாதீங்க... ஆள் வந்துட்டே இருக்காங்க."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்? நீங்க சொல்லுங்க தம்பி."